சூடில்லாத வெளிச்சம்

கௌதமன் வெளிச்சத்தைக் கன்னத்தால் பார்த்தான்.

ஸ்டுடியோவின் நடுவில் மர ஸ்டூல். அதில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே இரும்புத் தண்டில் பழைய ஹாலஜன் விளக்கு. அதன் பின்னால் சண்முகப்பிரியா, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் சுட்ட விரலில் கொப்புளம்.

"வலது கன்னம் சுடுது. நெத்தி சுடுது. இடது பக்கம் சில்லுனு கெடக்குது," என்றான்.

"அப்ப சரிங்களா?"

"மூக்கு நெழலு எங்க உழுவுது, பாரு."

குனிந்து பார்த்தாள். "ஒதட்டு மேலங்க."

"ஒதட்டைத் தொடக் கூடாது. தொட்டா மீசை வெச்சாப்புல ஆயிரும். வயசுப் புள்ளைக்கு மீசை வரைஞ்சு குடுத்தா அவிய அப்பன் சும்மா உடுவானா? சித்தெ கீழ எறக்கு."

திருகைத் தளர்த்தி இறக்கினாள். அவன் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தான். சூடு தாடைக்கு வந்ததும் கையைத் தூக்கினான்.

"போதும். இப்ப என்ற கண்ணுல பாரு. புள்ளி இருக்குதா?"

இருந்தது. இரண்டு கருவிழியிலும் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைப் புள்ளி.

"இருக்குதுங்க."

"அதுதான் உசுரு. புள்ளி இல்லாத கண்ணு செத்த கண்ணு. எத்தனை சோலி இருந்தாலும் அதைப் பாக்காம பட்டனை அமுக்காத."

பார்வை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை. இடது கண் போன வருடமே போய்விட்டது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். உள்ளே கசிந்த ரத்தம் நிற்கவில்லை. ஆடிக்கு முன்பு ஆள் நிழல் தெரிந்தது. இப்போது வெயிலும் இருட்டும் ஒன்றுதான்.

ஸ்டுடியோவில் நல்ல பிளாஷ் விளக்குகள் இரண்டு இருந்தன. அவை ஒரு நொடி வெட்டிவிட்டு அணைந்துவிடும். அவனுக்குப் பயன்படாது. அதனால் வீடியோ காலத்து ஹாலஜன் இரண்டைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னான். பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை அதை விட்டு நிற்கச் சொன்னான். "நீ எடு. நான் சொல்றேன்," என்றான். அவள் அதுவரை போனில்கூட ஒழுங்காகப் படம் எடுத்ததில்லை.

சட்டென்று விளக்கு மஞ்சளாக மங்கியது.

"ரங்கராஜ் லேத்தைப் போட்டுட்டான்," என்றான் கௌதமன்.

அதற்குப் பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு கீறும் சத்தம் வந்தது. காதுக்கு முன்னால் கன்னத்துக்குத் தெரிந்துவிட்டது.

கணபதி பகுதியில் அந்தச் சந்து முழுக்க லேத் பட்டறைகள். நடுவில் இந்த ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், ஆதார் படம், காது குத்து, வயசுக்கு வந்த பெண்களுக்குத் திரட்டிச் சீர். கண் போனது சந்தில் யாருக்கும் தெரியாது. கை நரம்பில் வலி, அதனால்தான் சம்சாரம் எடுக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தான். ஆள் வரும்போது ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, "தாவாக்கட்டையைத் தூக்குங்க, தோளை எறக்குங்க" என்பான். பதினெட்டு வருடப் பழக்கம். பார்க்காமலே சரியாக வரும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மதியம் ரங்கராஜ் டீ டம்ளரோடு வந்து வாசலில் நின்றான்.

"என்ன கௌதமா, மொதலாளி ஆயிட்டாட்ட இருக்குது. அம்மணி வேலை செய்யுது, நீ கட்டளை போட்டுட்டு உக்காந்துக்கறே."

"நீயும் உன்ற சம்சாரத்தை லேத்துல நிறுத்திப்போட்டு உக்காந்துக்கோ."

"அவ நின்னா என்னையத்தான் மொதல்ல கடைவா," என்று சிரித்துவிட்டுப் போனான்.

கௌதமனும் சிரித்தான். அவன் போன திசையைப் பார்த்துச் சரியாகச் சிரித்தான்.

ஐப்பசி மூன்றாம் வாரம் நரசிம்மலுவிடமிருந்து போன் வந்தது. மில் குடும்பம். இப்போது பம்ப் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மகள் லாஸ்யாவின் கல்யாணத்துக்குக் கௌதமன்தான் படம் எடுத்தான். அந்த ஆல்பத்தைப் பார்க்காமல் உறவென்று வந்த ஒறம்பரை யாரும் அந்த வீட்டிலிருந்து போக முடியாது என்பார்கள்.

"எனக்கு அறுபதாங் கல்யாணம், கௌதமா. வீடியோ, அது இதெல்லாம் பையன் டவுன் ஆளுங்களுக்குச் சொல்லிட்டான். ஆனா குடும்பப் படம் ஒண்ணு, ஹால்ல மாட்டறதுக்கு, அது நீதான் எடுக்கோணும். வந்துரு."

"வாரனுங்க," என்றான்.

போனை வைத்ததும் பிரியா கேட்டாள்: "ஏனுங்க, சொல்லிரலாமில்ல அவியளுக்கு?"

"என்னன்னு?"

அவள் விளக்கின் வயரைச் சுருட்டினாள்.

"கண்ணு போச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான், பிரியா. பாவம்பாங்க. நூறு ரூவா படத்துக்கு எரநூறு குடுப்பாங்க. அப்பறம் அடுத்த படத்துக்கு வேற கடைக்குப் போயிருவாங்க. இந்தப் படம் நல்லா வரட்டும். அவிய ஹால்ல தொங்கட்டும். அப்பறம் நானே சொல்றேன், இதை எடுத்தது என்ற சம்சாரம்னு. அப்பச் சொன்னா அது வேற."

காமிராப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு படிவம் மடித்துக் கிடந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு. கண் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. பாஸ்போர்ட் படம் ஒன்று ஒட்ட வேண்டும். இரண்டு முறை அவள் கேட்டுவிட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டான்.

ஒரு ஆளுக்கு வெளிச்சம் வைப்பது வேறு, பத்துப் பேருக்கு வைப்பது வேறு. விளக்கு கிட்ட இருந்தால் முன்னால் இருப்பவர் வெளுத்துவிடுவார், ஓரத்தில் இருப்பவர் கறுத்துவிடுவார். தாழ்ந்து இருந்தால் முன்வரிசையின் நிழல் பின்வரிசை முகத்தில் விழும். நரசிம்மலு குடும்பத்தில் பத்துப் பேர். பழகுவதற்குப் பத்துத் தலை வேண்டும். கௌதமன் யோசித்துவிட்டு ரங்கராஜிடம் சொல்லி அனுப்பினான். கடைசலுக்கு வந்த பம்ப் வார்ப்படங்களில் பத்து வந்து இறங்கின. ஒவ்வொன்றும் மனிதத் தலை அளவு. ஐந்தைப் பெஞ்சிலும் ஐந்தை அதன் பின்னால் பெட்டிகளின் மேலும் வைத்தார்கள்.

"என்ன அம்மணி, என்ற பம்புக்கெல்லாம் கல்யாணமா?" என்றான் ரங்கராஜ்.

"ஆமாங்கண்ணா. நீங்க மொய் வெக்கோணும்."

"அந்தக் கடைசில இருக்கறது ஓட்டை வார்ப்படம். அதுக்குப் பொண்ணு தராதீங்க."

அவன் போனதும் கதவைச் சாத்தினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிரியா விளக்கைப் பின்னால் தள்ளினாள், உயர்த்தினாள். முன்னால் கௌதமனின் கல்யாண வேட்டியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். வெளிச்சம் அதில் பட்டுப் பரவி இறங்கியது. கௌதமன் வார்ப்படங்களின் வரிசைக்கு முன்னால் நடந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான்.

"மூணாவதுக்கு எச்சா இருக்குது. கடைசில கம்மி. வெளக்கை ஒரு முழம் அக்கட்டால நகத்து."

நகர்த்தினாள். மறுபடியும் நடந்தான். மறுபடியும் நகர்த்தினாள். பத்துத் தலைக்கும் ஒரே சூடு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. தூசி கருகும் வாசம் அறையில் நின்றது. அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அங்க போயும் இதேதான். நான் நடு நாற்காலில ஒருக்கா உக்காந்து பாப்பேன். சூடு சரின்னா சரிம்பேன். அப்பறம் நீ எடு. யாரும் கேட்டா கை வலி."

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் அவனுக்குப் போடக்கூடாது. தட்டைத் தடவி, வழித்துச் சாப்பிட்டான்.

விசேஷ நாளில் காலையிலிருந்து மழை. ஆட்டோவில் போனார்கள். நரசிம்மலு வீட்டுக்குப் பன்னிரண்டு படி, பிறகு வராந்தா, வலதுபக்கம் ஹால். கௌதமனுக்கு மனப்பாடம். இருந்தாலும் ஒரு வழி செய்துவைத்திருந்தார்கள். விளக்குப் பெட்டியை ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். பெட்டி போகிற பக்கம் அவன் போனான். பார்ப்பவருக்குப் பெட்டி கனம் என்று தோன்றும்.

ஹாலில் நரசிம்மலுவின் அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தாள். எண்பத்திரண்டு வயது. எல்லோருக்கும் அவள் அவ்வா.

"ஆரு, சுப்பையன் பையனா? வா கண்ணு. இவனப்பன் எங்க தோட்டத்துல தண்ணி கட்டுனவன். இவன் பாரு, எம்பட ஊட்டு ஆளுக எல்லாத்தையும் படத்துல புடிச்சுப்போட்டான்."

கௌதமன் குரல் வந்த பக்கம் கும்பிட்டான். நரசிம்மலு வந்து தோளில் கைபோட்டு அவனை அழைத்துப் போனார். மூலையில் நின்று பேச ஆரம்பித்தார்கள். லாஸ்யாவின் கல்யாணத்தில் கரண்ட் போனது, பெட்ரோமாக்ஸ் வைத்துப் படம் எடுத்தது. இருவரும் சிரித்தார்கள். பிரியா அதைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள்.

மகன் சாய்சரண் வந்தான்.

"அக்கா, அந்த ஹாலஜன் வேண்டாமுங்க. அவ்வாவுக்கு அந்தச் சூடு ஆகாது. லாஸ்யா கல்யாணத்துல மயக்கமே வந்துருச்சு. நம்மகிட்ட எல்இடி இருக்குது, அதைப் போட்டுக்கலாம். மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தது."

இரண்டு விளக்குகள். முன்னால் வெள்ளைத் துணிப்பெட்டி கட்டியிருந்தது. அவன் ஒன்றைப் போட்டுக் காட்டினான். டிக் என்றது. ஹாலில் அந்தப் பக்கம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல ஆனது. வாசம் இல்லை, இரைச்சல் இல்லை. அவள் துணிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் சுடவில்லை.

விளக்கு மாறியதைக் கௌதமனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பது அவளுக்குப் பின்னாலும் நன்றாக நினைவிருந்தது.

அதற்குள் நாற்காலிகள் வந்தன. முதலில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். பிரியா ஒரு குமிழைத் திருகினாள். வெளிச்சம் சொன்னபடி ஏறியது, இறங்கியது. தண்டை உயர்த்தினாள். லாஸ்யாவின் மகள் சைத்ராவின் மூக்கு நிழல் உதட்டைத் தொடாமல் மேலேயே நின்றது. இரண்டாவது விளக்கை ஓரத்துக்குத் தள்ளினாள். பின்வரிசையில் நின்றவர்களின் முகம் எழுந்து வந்தது. எல்லோர் கண்ணிலும் புள்ளி. கன்னத்தைக் கேட்காமல், உள்ளங்கையைக் கேட்காமல், அவளுக்கே தெரிந்தது. கொப்புளம் இருந்த விரல்கூட வலிக்கவில்லை. பத்து நிமிடம் அவள் அந்த முகங்களை மட்டுமே பார்த்தாள். பத்து நிமிடமும் அவனை மறந்திருந்தாள்.

"சித்தெ இருங்க, நான் ஒருக்கா பாத்துர்றேன்," என்று கௌதமன் குரல் கேட்டது.

நரசிம்மலு அவனை நடு நாற்காலிக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் இடம் அது. கௌதமன் கையால் தொட்டு, உட்கார்ந்தான். ஒரு பக்கம் அவ்வா, ஒரு பக்கம் பட்டுச்சேலையில் நரசிம்மலுவின் மனைவி வெங்கடலட்சுமி. முகத்தைத் தூக்கி, சற்று வலதுபக்கம் திருப்பி, ஸ்டுடியோவில் வைப்பதுபோல வைத்தான்.

காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

வெளிச்சம் அவன் முகத்தில் முழுக்க விழுந்திருந்தது. தாடி நரைத்த இடம், கண்ணடியில் சுருக்கம், எல்லாம் தெரிந்தது. கண் திறந்தபடி இருந்தது. இமை கூசவில்லை.

அவன் சிரித்தான். "பிரியா, லைட்டைப் போடு கண்ணு."

மழைச் சத்தம் உள்ளே வந்தது.

"அம்மா, லைட்டு..." என்று சைத்ரா ஆரம்பித்தாள். லாஸ்யா அவள் வாயைக் கையால் மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

பிரியாவின் கை சுவிட்சுக்குப் போனது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவன் சொன்னதைச் செய்ய வேண்டும் என்பது மட்டும் இருந்தது. எரிகிற விளக்கை எப்படிப் போடுவது? அணைத்தாள். டிக். ஹால் பாதி இருண்டது. போட்டாள். டிக்.

"போட்டுட்டேங்க," என்றாள்.

போடுவதற்கு ஒரு சத்தம் போதும். அவனுக்கு இரண்டு கேட்டது.

அவன் முகம் மாறியதை அவள் அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். நல்ல வெளிச்சம் அது. எதையும் மறைக்கவில்லை. சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது.

"ம்," என்றான். "நல்லாருக்குது. இப்பிடியே இருக்கட்டும்."

எழுந்தான். கை நாற்காலியின் முதுகைத் தேடியது. நரசிம்மலு முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இக்கட்டால வாங்க, கௌதமா. மெதுவா வாங்க."

இத்தனை வருடத்தில் அவர் அவனை வாங்க என்று சொன்னது அதுதான் முதல் முறை.

காமிராவுக்கு இடதுபக்கம் அவனை நிறுத்திவிட்டு அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். பிரியா நான்கு படம் எடுத்தாள்.

முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். வெங்கடலட்சுமியே வந்து பரிமாறினாள். "சோறு நடுவுல இருக்குதுங்க. இக்கட்ட பொரியல். தண்ணி வலது கைப்பக்கம். இனிப்பு வெக்கலைங்க, சாமி," என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பந்தி முழுக்கக் கேட்டது. பக்கத்து இலைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். கௌதமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

திரும்பும்போது விளக்குப் பெட்டியை அவள் ஒருத்தியே தூக்கினாள். அவனைச் சாய்சரண் கைபிடித்து ஆட்டோவரை கூட்டிவந்தான்.

சிக்னலில் ஆட்டோ நின்றதும் அவன் கேட்டான்.

"எத்தனை நேரமா எரிஞ்சுட்டு இருந்துச்சு?"

"பத்து நிமிசமுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"மறந்துட்டேனுங்க."

"எப்பிடிப் புள்ள மறப்பே?"

அவள் அழவில்லை. பெட்டியை மடியில் பிடித்திருந்தாள். "வெளிச்சம் நல்லா உழுந்துச்சுங்க. அதையே பாத்துட்டு இருந்துட்டேன்."

ஆட்டோவின் தார்ப்பாய் காற்றில் அடித்தது. சாரல் இருவர் காலையும் நனைத்தது.

"அப்பிடித்தான் ஆகும்," என்றான் கௌதமன். "எனக்கும் ஆயிருக்குது. உங்கப்பன் செத்தன்னிக்கு எத்தனை போன் பண்ணுனே நீ. நான் ஒரு காது குத்துல நின்னு சன்னல் வெளிச்சத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

நனைந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டான்: "புள்ளி உழுந்துச்சா?"

"பத்துப் பேருக்கும் உழுந்துச்சுங்க."

அது உண்மைதான். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதும் பத்துப் பேர் கண்ணிலும் புள்ளி இருந்தது. ஆனால் ஒன்பது பேர் காமிராவைப் பார்க்கவில்லை. நான்கு படத்திலும் ஒன்பது பேரும் ஒரு பக்கமாக, கௌதமன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வாகூட. பிரியா அதை அவனிடம் சொல்லவில்லை. இருப்பதில் நல்லதாக ஒன்றை அனுப்பிவைத்தாள்.

சந்துக்குச் செய்தி வந்து சேர இரண்டு நாள் ஆனது. நரசிம்மலு பட்டறைக்கு வார்ப்படம் வாங்கப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். படம் எடுக்க வந்தவர்கள் கௌதமனிடம் சத்தமாகப் பேசினார்கள், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல. சிலர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "பொழுதோட வாரேன் அம்மணி" என்று போனார்கள். வரவில்லை. ரங்கராஜ் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு நின்றான். ஸ்டுடியோவில் ஆள் இருந்தால் சொல்லாமலே லேத்தை நிறுத்தினான். கேலி செய்வதை விட்டுவிட்டான்.

சாய்சரண் ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்து வைத்தான். அந்த விளக்குகளில் ஒன்று. "நீங்களே வெச்சுக்குங்க அக்கா, அங்க சும்மாதானே கெடக்குது," என்றான். கௌதமன் நன்றி சொன்னான். பெட்டி பிரிக்காமல் சுவரோரம் கிடந்தது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் ரங்கராஜ் நரசிம்மலு வீட்டுக்குப் போய்விட்டு வந்தான்.

"படத்தை ஹால்ல மாட்டிட்டாங்க கௌதமா. பெருசு, கதவு அகலம் இருக்கும். என்ன வெளிச்சம் போ. பட்டுச்சேலைல இழை தெரியுது. அம்மணி கை தேறிருச்சு." டீயை உறிஞ்சினான். "ஒண்ணே ஒண்ணு, ஒருத்தரும் நேராப் பாக்கலை. பக்கத்துல ஆரோ நிக்கறாப்புல அக்கட்டால..."

நிறுத்திக்கொண்டான். தாமதமாகத்தான் அவனுக்கு விளங்கியது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "பட்டறைல ஆளு நிக்குது," என்று போய்விட்டான்.

பிரியா பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நின்றது.

"எத்தனை பேரு?" என்று கேட்டான் கௌதமன்.

"அந்தச் சின்னப் புள்ள சைத்ரா மட்டும் காமிராவைப் பாத்துச்சுங்க."

தலையை ஆட்டினான். லேத் ஓடவில்லை. மழை ஓய்ந்து ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த பாரத்தை எடு," என்றான்.

"எந்த பாரமுங்க?"

"பையில இருக்கற ஆஸ்பத்திரிக் காயிதம். படம் ஒட்டோணுமில்ல. எடுத்துரு."

எழுந்து தடவித் தடவி ஸ்டூலில் உட்கார்ந்தான். சட்டைக் காலரைச் சரி செய்தான். அவள் ஹாலஜன் தண்டை இழுத்தாள்.

"அது வேண்டாம். புதுசைப் பிரி."

"இது இருக்கட்டுமுங்க. உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? நீதான பாக்கறே. பிரி."

பிரித்தாள். தண்டில் மாட்டினாள். துணிப்பெட்டியைக் கட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். டிக். அவன் தலையைச் சாய்த்து, இன்னொரு சத்தத்துக்குக் காத்திருந்தான். அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எரியுதுங்க," என்றாள்.

"சரி."

மூக்கு நிழலைப் பார்த்தாள். உயரத்தைச் சரி செய்தாள். கண்ணைப் பார்த்தாள். புள்ளி விழுந்திருந்தது, பார்க்கிற கண்ணில் விழுவதுபோலவே. காமிராவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எங்க பாக்கட்டும் நானு?" என்று கேட்டான்.

"இங்கதானுங்க. என்ற பேச்சு வர்ற பக்கம்."

முகத்தைத் திருப்பினான். திருப்பியது சரியாக வரவில்லை. இரண்டடி தள்ளி, சுவரில் அடித்திருந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப சரியா?"

அவள் காமிராவைத் தண்டோடு தூக்கி, சத்தம் வராமல் அந்த ஆணிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். விளக்கையும் நகர்த்தினாள். புள்ளி மறுபடியும் விழும்வரை பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.